தரவு மையங்களும் தமிழ்நாடும்

மக்கள் தாம் அறிந்தவற்றை மறவாமல் காத்தற்குக் காலந்தோறும் பல வழிகளைக் கையாண்டு வந்துள்ளனர். கல்லில் வெட்டினர், செப்பேட்டில் பொறித்தனர், பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர், பின்னர்த் தாளில் அச்சிட்டனர். இவற்றுள் எதுவும் பேணுவார் இன்றித் தானே நிலைத்து நிற்பதன்று. ஓலையைக் கரையான் அரிக்கும். தாளை நீர் நனைக்கும். இரண்டையும் தீ எரிக்கும். ஆதலால் நம் முன்னோர் பழுதுற்ற ஏடுகளைப் பார்த்துப் புதிய ஓலைகளில் பெயர்த்து எழுதினர். அவ்வாறு எழுதப்பெற்ற நூல்கள் வாழ்ந்தன. எழுதப்பெறாத நூல்கள் மறைந்தன.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடிய வரலாற்றைத் தமிழர் அனைவரும் அறிவர். அவர் திருநெல்வேலிச் சீமையின் ஊர்களிலும் நடந்து தேடினார். சிவனடியார் இல்லங்களிலும் கவிராயர் வீடுகளிலும் பரண்மேல் கிடந்த ஏடுகள் அவர் கைப்பட்டு அச்சேறின. 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. ஒருவரது உழைப்பால் ஓர் இலக்கியச் செல்வம் அழியாது பிழைத்தது. ஓர் இடத்தில் ஒரே படியாக இருக்கும் எதுவும் அழியத்தக்கது என்பதே அவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

இன்று எழுத்தும் கணக்கும் ஓவியமும் இசையும் ஓலையிலும் தாளிலும் மட்டும் தங்குவதில்லை. அவை எண்களாக மாற்றப்பெற்றுக் கணிப்பொறிகளில் சேர்த்து வைக்கப்படுகின்றன. அவ்வாறு சேர்த்து வைக்கப்பெறும் செய்தித் தொகுதியே தரவு எனப்படும். தரவுகளைப் பல்லாயிரம் கணிப்பொறிகளில் வைத்து, இரவும் பகலும் காத்து, வேண்டுவார்க்கு வேண்டிய நொடியில் வழங்கும் பெரிய இல்லமே தரவு மையம் ஆகும்.

மேகம் என்னும் பெயர்

தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கில், கரிசல் நிலத்தில் அமைந்த ஊர் திருவேங்கடம். பருத்தியும் சோளமும் பயறு வகைகளும் விளையும் மானாவாரிக் காடுகள் அதனைச் சூழ்ந்துள்ளன. அவ்வூரில் உழவர் ஒருவர் தம் நிலத்தின் பட்டாவைக் கைப்பேசி வழியே பெற விரும்பினால், அவருடைய வேண்டுகோள் கம்பியின்றிக் காற்றில் சென்று கோபுரத்தை அடைகின்றது. அங்கிருந்து கண்ணாடி இழைக் கம்பி வழியே தொலைவிலுள்ள தரவு மையத்தைச் சேர்கின்றது. அங்கு அவருடைய நிலத்தின் விவரம் தேடி எடுக்கப்பெற்று, வந்த வழியே திரும்பி அனுப்பப்படுகின்றது. இவை யாவும் ஓரிரு நொடிகளில் முடிந்து விடுகின்றன.

குடும்ப அட்டைக்கு அரிசி வாங்கிய கணக்கும், மாணவர் பெற்ற மதிப்பெண்ணும், வெளிநாட்டில் உழைக்கும் மகன் தாய்க்கு அனுப்பிய பணமும் இவ்வாறே எங்கோ ஓர் இல்லத்தில் பதிவாகின்றன. மளிகைக் கடையில் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்தும் முறை 2016 ஆம் ஆண்டில் இந்தியாவில் தொடங்கியது. 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மட்டும் 2,000 கோடி முறைக்கு மேல் மக்கள் அம்முறையில் பணம் செலுத்தினர். அத்தனை கணக்குகளும் பிழையின்றிப் பதிவாதல் வேண்டும். ஒன்றும் அழிதல் கூடாது.

இத்தகைய சேமிப்பினைக் கணிப்பொறித் துறையினர் ‘மேகம்’ என்று வழங்குவர். எங்கிருப்பது என்று பயன்படுத்துவோர்க்குத் தெரியாமையால் அப்பெயர் ஏற்பட்டது. வானம் பார்த்த கரிசல் பூமியில் வாழ்வோர்க்கு மேகம் என்றால் மழை. ஆயின், இந்த மேகம் மழை தருவதன்று, நீரை உண்பது. இது வானத்தில் மிதப்பதும் அன்று. மண்ணில், மதில் சூழ்ந்த கட்டடத்தில், காவலோடு நிற்பது. இவ்வுண்மையை உணர்ந்தால்தான் இத்தொழிலின் இடர்களையும் இதனால் வரக்கூடிய நலன்களையும் தெளிவாக அறிதல் கூடும்.

மையத்தின் அமைப்பு

தரவு மையத்தின் உள்ளே நூலக அடுக்குகளைப் போல இரும்புச் சட்டங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு சட்டத்திலும் வழங்கி எனப்படும் கணிப்பொறிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றிற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. மின்கம்பி ஒன்றும், செய்திகள் வந்து செல்லும் இழைகள் சிலவும் பின்புறம் இணைந்திருக்கும்.

மின்சாரம் ஒரு நொடி தடைப்பட்டாலும் வேலை கெடும். ஆகவே மையத்திற்கு இரு வேறு வழிகளில் மின்சாரம் கொணரப்படுகின்றது. இரண்டும் ஒருங்கே நின்றால், சேமக்கலங்களாகிய பாட்டரிகள் உடனே உதவும். அவை தீர்வதற்குள் டீசல் இயந்திரங்கள் இயங்கத் தொடங்கும். இவ்வாறு காவலுக்குள் காவலாக அமைத்த பின்னரே மையம் பணியாற்றத் தொடங்குகின்றது.

வழங்கிகள் உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. அவ்வெப்பத்தை அவ்வப்போது வெளியேற்றாவிடில் இயந்திரங்கள் பழுதாகும். ஆகவே குளிர்ந்த காற்றை ஒரு புறத்திலிருந்து செலுத்தி, சூடேறிய காற்றை மறுபுறத்தில் இழுத்து அகற்றுவர். சில மையங்களில் நீர்மத்தையே குழாய் வழியே வழங்கிகளின் அருகில் பாய்ச்சிக் குளிர்விப்பர். மின்சாரம், குளிர்ச்சி, செய்தித் தொடர்பு, காவல் ஆகிய நான்கும் தரவு மையத்தின் நான்கு தூண்கள் எனலாம்.

மின்சாரத் தேவை

தரவு மையங்களின் முதல் இடர் மின்சாரமே. உலகிலுள்ள தரவு மையங்கள் அனைத்தும் 2024 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டன என்றும், 2030 ஆம் ஆண்டில் அது 94,500 கோடி யூனிட் அளவை எட்டக்கூடும் என்றும் பன்னாட்டு எரிசக்தி முகமை கணித்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக்கான கணிப்பொறிகள் பெருகி வருதலே இவ்வளர்ச்சிக்குத் தலையாய காரணமாகும். அயர்லாந்து என்னும் சிறு நாட்டில் 2023 ஆம் ஆண்டில் அளவிடப்பட்ட மின்சாரத்தில் நூற்றுக்கு 21 பங்கினைத் தரவு மையங்களே உட்கொண்டன. அந்நாட்டு நகரங்களின் இல்லங்கள் அனைத்தும் செலவிட்டதைக் காட்டிலும் அது மிகுதி.

இதனை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு மெகாவாட் ஆற்றல் வேண்டும் மையம் ஒன்று இடையறாது இயங்கினால், நாளொன்றுக்கு 24,000 யூனிட் செலவாகும். இரண்டு திங்களுக்கு 200 யூனிட் செலவிடும் எளிய இல்லங்கள் ஏழாயிரத்திற்கு அது போதும். இக்காலத்தில் அமையும் பெரிய மையங்களோ ஒரு மெகாவாட்டில் நிற்பனவல்ல; பத்தும் ஐம்பதும் நூறும் மெகாவாட் வேண்டுவன.

இம்மின்சாரம் முழுவதும் கணக்கிடும் பணிக்கே செல்வதும் இல்லை. வழங்கிகளுக்கு 100 யூனிட் தேவையானால், குளிர்விப்பதற்கும் பிறவற்றிற்கும் சேர்த்து மையம் முழுவதற்கும் 150 யூனிட்டுக்கு மேல் செலவாதல் பல இடங்களில் இயல்பு. மிகச் சிறந்த மையங்கள் அதனை 110 யூனிட் அளவுக்குக் குறைத்துள்ளன. குளிர் நாடுகளில் வெளிக்காற்றே துணை செய்யும். கோடையில் அனல் வீசும் சென்னையில் அத்துணை கிடைப்பதில்லை. காற்றில் ஈரப்பதமும் மிகுதியாதலால் குளிர்விக்கும் பணி அங்கு மேலும் கடினமாகின்றது.

நீர்த் தேவை

இரண்டாவது இடர் நீர். பானையில் வைத்த நீர் குளிர்ந்திருப்பது எதனால்? பானையின் நுண்துளை வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. பல தரவு மையங்களின் குளிர்விப்புக் கோபுரங்களும் இம்முறையிலேயே இயங்குகின்றன. ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பத்தைப் போக்க ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாதல் வேண்டும். ஒரு மெகாவாட் மையத்தின் வெப்பத்தை இவ்வழியிலேயே முழுவதும் போக்கினால், நாளொன்றுக்கு 36,000 லிட்டர் நீர் செலவாகும்.

சிற்றூர்களில் ஆளுக்கு நாள்தோறும் 55 லிட்டர் குடிநீர் வழங்குதல் வேண்டும் என்பது 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அவ்வளவின்படி, 36,000 லிட்டர் நீர் 650 பேருக்குப் போதுமானது. நூறு மெகாவாட் மையமானால் 65,000 பேருக்கு உரிய நீர் வேண்டியிருக்கும். குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊர்களில் வாழ்வோர்க்கு இக்கணக்கின் பொருளை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நீரின்றியும் குளிர்விக்கலாம். மூடிய குழாய்களில் ஒரே நீரைச் சுழலவிட்டு, விசிறிகளாலும் குளிர்விப்பான்களாலும் வெப்பத்தை வெளியேற்றும் முறை உண்டு. ஆயின், அதற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். நீரைச் சேமித்தால் மின்சாரம் கூடுகின்றது. மின்சாரத்தைச் சேமித்தால் நீர் கூடுகின்றது. எந்த ஊரில் எது அரிது என்பதை ஆராய்ந்தே முறையைத் தேர்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி சென்னைக்கு மிகவும் இன்றியமையாதது. 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 ஆம் ஆண்டின் கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் குடிநீர் கொணரப்பட்டது. வெள்ளத்திற்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்கும் வகையில் அமையாத மையம் அந்நகரத்தில் நெடுநாள் நிலைத்து நிற்பது அரிது.

தீயும் படியும்

மூன்றாவது இடர் தரவுகள் அழிந்து போதல். 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் 26 ஆம் நாள் தென்கொரியாவின் தேஜான் நகரத்தில் அரசாங்கத்தின் தரவு மையம் ஒன்றில் பாட்டரிகளிலிருந்து தீப் பற்றியது. 709 அரசுப் பணிகள் ஒருங்கே நின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பின்னர்ச் சிறிது சிறிதாக மீட்கப்பட்டன. ஆனால் அலுவலர்கள் தம் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த தொகுதி ஒன்றுக்கு வேறு இடத்தில் படி இல்லை. 858 டெராபைட் அளவுள்ள அத்தொகுதி எரிந்து ஒழிந்தது. தொழில் நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாடு அது. அத்தகைய நாட்டிலும், படி எடுக்கும் பழைய வழக்கம் ஓரிடத்தில் தவறியமையால் பேரிழப்பு நேர்ந்தது.

தமிழர் இவ்விழப்பின் தன்மையை முன்னரே உணர்ந்தவர்கள். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கு இரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. தமிழகத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகமும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் நிறுவனமும் இன்று பல்லாயிரம் பழைய நூல்களை ஒளிப்படி எடுத்து, யாவரும் படிக்குமாறு வைத்துள்ளன. அவ்வொளிப்படிகளும் வழங்கிகளிலேயே வாழ்கின்றன. நன்கு பேணப்பெற்ற ஓலை இரண்டு மூன்று நூற்றாண்டு வாழும். வழங்கிகளில் உள்ள வட்டுகளையோ ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கின்றது. ஆகவே ஏடு பெயர்த்து எழுதும் கடமை ஒழிந்துவிடவில்லை. முன்னினும் விரைந்து செய்ய வேண்டியதாகிவிட்டது.

இவற்றோடு, பழுதான பாட்டரிகளையும் கணிப்பொறிகளையும் கேடின்றி அகற்றுதல், டீசல் இயந்திரங்களின் புகையைக் குறைத்தல், பிறர் தரவுகளைத் திருடுவோரைத் தடுத்தல் முதலிய கடமைகளும் உள்ளன. மக்களுடைய சொந்தத் தரவுகளைக் காத்தற்கென இந்திய நாடாளுமன்றம் 2023 ஆம் ஆண்டில் சட்டம் ஒன்றை இயற்றியது. பணப் பரிமாற்றக் கணக்குகளை இந்தியாவிலேயே வைத்தல் வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. இத்தகைய ஆணைகளாலும் நாட்டினுள் தரவு மையங்களின் தேவை பெருகியது.

கடல்வழி வாய்ப்பு

இடர்களை அறிந்தபின் வாய்ப்புகளை நோக்குதல் பொருந்தும். தமிழ்நாட்டிற்கு இயற்கையும் வரலாறும் தந்த முதல் வாய்ப்பு கடற்கரை. உலகச் செய்திகளின் பெரும்பகுதி வானத்துச் செயற்கைக் கோள்கள் வழியே செல்வதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கடலடியிற் கிடக்கும் கம்பிகள் வழியே செல்கின்றது. தந்திக் காலத்திலேயே சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடிக் கம்பி இடப்பட்டு, 1871 ஆம் ஆண்டில் அவ்வழி சிங்கப்பூரை அடைந்தது. 2002 ஆம் ஆண்டில் சென்னையையும் சிங்கப்பூரையும் கண்ணாடி இழைக் கம்பி நேரே இணைத்தது. 2020 ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பி தொடங்கி வைக்கப்பட்டது.

கம்பி கரையேறும் இடத்திற்கு அருகில் தரவு மையம் அமைதல் இயல்பு. துறைமுகத்தின் அருகே பண்டசாலைகள் எழுவதை இதற்கு ஒப்பிடலாம். சென்னையில் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் பல எழுந்தமைக்கு இதுவே சிறந்த காரணம். தமிழ்நாடு அரசும் 2021 ஆம் ஆண்டில் தரவு மையக் கொள்கையை வெளியிட்டு, இத்தொழிலுக்குச் சலுகைகளை அறிவித்தது. மும்பை இத்துறையில் முன்னே நிற்கின்றது. 2025 ஆம் ஆண்டு அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் செலவில் பெரும் மையம் அமைக்கப்போவதாகக் கூகுள் நிறுவனம் அறிவித்தது. கடற்கரை நகரங்களுக்கிடையே போட்டி மிகுந்துள்ளது என்பதை இது காட்டும்.

எனினும், கடலடிக் கம்பிகளும் அறுபடக் கூடியவையே. 2008 ஆம் ஆண்டு ஜனவரியில் எகிப்து நாட்டின் அருகே இரண்டு கம்பிகள் அறுந்தபோது, இந்தியாவின் இணையத் தொடர்பு பெரிதும் தளர்ந்தது. ஆகவே கிழக்கும் மேற்குமாகப் பல வழிகள் அமைதல் நன்று.

காற்றும் கதிரவனும்

இரண்டாவது வாய்ப்பு காற்று. ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வருகின்றது. செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் அக்காற்று குற்றாலத்தில் சாரலைத் தூவி, அருவிகளைப் பெருகச் செய்கின்றது. பின்னர் ஈரம் குறைந்து, கிழக்கிலுள்ள சமவெளிமீது விரைந்து வீசுகின்றது. ஆய்க்குடி, சுரண்டை, ஊத்துமலை முதலிய ஊர்களின் வெளிகளில் நிற்கும் காற்றாலைகளை அதுவே சுழற்றுகின்றது. குற்றாலத்திற்கு அருவியைத் தரும் காற்று, கரிசல் நிலத்திற்கு மழை தருவதில்லை; ஆனால் மின்சாரம் தருகின்றது.

தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரம் 1986 ஆம் ஆண்டில் தூத்துக்குடிப் பகுதியில் சிறிய அளவில் தொடங்கியது. இன்று மாநிலத்திலுள்ள காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேலாகும். ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரையே மிகுதியாக வீசும். தரவு மையமோ ஆண்டு முழுவதும் ஒரே சீராக மின்சாரம் கேட்கும். பகலில் கதிரவனின் ஒளி துணை செய்யும். இரவுக்கெனச் சேமித்து வைத்தல் வேண்டும். மின்சாரம் மிகும்போது நீரை மேலணைக்கு ஏற்றி, குறையும்போது அந்நீரைக் கீழே பாய்ச்சி மின்சாரம் பெறும் முறை ஆனைமலையிலுள்ள காடம்பாறையில் 400 மெகாவாட் திறனோடு நடைபெறுகின்றது. இத்தகைய சேமிப்புகள் பெருகினால், காற்றையும் கதிரவனையும் நம்பித் தரவு மையங்களை நடத்துதல் இயலும்.

கழிவுநீர் தரும் பயன்

மூன்றாவது வாய்ப்பு, நகரம் கழித்த நீர். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைப் பலமுறை வடித்துத் தூய்மையாக்கும் நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நாள்தோறும் 4.5 கோடி லிட்டர் நீரைத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் திறனுடையது. இந்நீர் குடிப்பதற்கு அன்று. இயந்திரங்களைக் குளிர்விக்கப் போதுமானது. தரவு மையங்கள் யாவும் இத்தகைய நீரையே கொள்ளுமாயின், மக்களின் குடத்திற்கும் மையத்தின் கோபுரத்திற்கும் இடையே போட்டி எழாது.

பிற நாடுகளும் தத்தம் நிலத்திற்கு ஏற்ற வழிகளைக் கண்டுள்ளன. பின்லாந்து நாட்டின் ஹாமினா நகரில் பழைய தாள் ஆலை ஒன்று தரவு மையமாக மாற்றப்பட்டது. அங்குக் குளிர்ந்த கடல் நீரே வெப்பத்தைப் போக்குகின்றது. டென்மார்க்கில் ஓடென்சே நகரத்து மையத்தின் வெப்பம் குழாய் வழியே வீடுகளுக்குச் சென்று குளிரைப் போக்குகின்றது. தமிழ்நாட்டின் கடல் அத்துணைக் குளிர்ந்ததன்று. வீடுகளைச் சூடேற்றும் தேவையும் இங்கில்லை. அவர்கள் செய்ததை அப்படியே செய்வது பயன் தராது. அவர்களைப் போல் தம் நிலத்தின் இயல்பை ஆராய்ந்து செய்வதே அறிவுடைமை.

சிற்றூர்கள் பெறும் பங்கு

தரவு மையம் வந்தால் வேலை பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. கட்டடம் எழும் காலத்தில் பலர்க்கு வேலை கிடைப்பது உண்மையே. எழுந்த பின்னர், பரந்த கட்டடத்தையும் சிலரே நடத்துவர். நெசவாலையைப் போலவோ தீப்பெட்டித் தொழிற்சாலையைப் போலவோ அது பலரை வேலைக்கு அழைப்பதில்லை. ஆகவே மையத்தின் சுவருக்குள் இருக்கும் வேலைகளை மட்டும் எண்ணுதல் போதாது. அதனைச் சார்ந்து வளரும் தொழில்களையும் எண்ணுதல் வேண்டும். மின்சாரப் பணியாளர், குளிர்விப்பு இயந்திரம் பழுது பார்ப்போர், இழைக் கம்பி இணைப்போர், தீயணைப்புத் துறை கற்றோர், மென்பொருள் எழுதுவோர் ஆகியோர் இத்தொழிலுக்குத் தேவை. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழில் நுட்பக் கல்லூரிகளிலும் கற்போர்க்கு இவை தக்க வழிகளாகும்.

இவ்வேலைகள் யாவும் தலைநகரிலேயே குவிய வேண்டுவதில்லை. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் அலுவலகம் தொடங்கியது. வயல்களுக்கும் மலைக்கும் நடுவே அமைந்த அவ்வலுவலகத்தில் உருவாகும் மென்பொருள்கள் உலகின் பல நாடுகளில் பயன்படுகின்றன. நல்ல இணையத் தொடர்பும் நல்ல கல்வியும் கிடைக்குமாயின், ஊரை விட்டு நீங்காமலே உயர்ந்த தொழிலைச் செய்தல் கூடும் என்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இழைக் கம்பியால் இணைக்கும் திட்டமும் இந்நோக்கம் பற்றியதே.

மையங்களையே உள்நாட்டு ஊர்களில் அமைத்தல் ஆகுமா என்னும் வினாவும் எழுகின்றது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் தென்காசிக்கும் இடையேயுள்ள அறுநூறு கிலோமீட்டர் தொலைவை, ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் மூன்று பங்கு நேரத்தில் அது கடந்துவிடும். பட்டாவும் பாடநூலும் மருத்துவமனைக் குறிப்பும் அவ்வளவு நேரம் காத்திருத்தல் கடினமன்று. காற்றாலைகளின் அருகில், அளவிற் சிறிய மையங்களை அமைத்தால், மின்சாரம் நெடுந்தொலைவு செல்லும்போது நேரும் இழப்புக் குறையும். சென்னையில் வெள்ளம் புகுந்தாலும் தெற்கில் ஒரு படி பிழைத்திருக்கும். ஆனால் அங்கு நீர் அரிது. ஆகையால் அத்தகைய மையம் நீரை உண்ணாத குளிர்விப்பு முறையைக் கைக்கொள்ளுதல் வேண்டும். கிணற்று நீரை உறிஞ்சும் மையம் கரிசல் காட்டிற்கு நன்மை தருவதன்று.

முடிவுரை

முற்காலத்தில் ஊர் தோறும் ஏரி அமைத்தோர், அதனை வெட்டியதோடு நின்றுவிடவில்லை. கரையை உயர்த்தினர், மடையை அளந்து வைத்தனர், மிகும் நீர் வெளியேறக் கலிங்கு கட்டினர், ஆண்டுதோறும் தூர் வாரினர், யாருக்கு எவ்வளவு நீர் என்பதை முறை வகுத்துப் பகிர்ந்தனர். இக்கடமைகள் நடைபெற்ற வரையில் ஏரி ஊரை வாழ்வித்தது. இவற்றை மறந்த ஊரில் ஏரி மேடாயிற்று.

தரவு மையமும் இக்காலத்தின் ஏரி போன்றது. அது எவ்வளவு மின்சாரம் கொள்கின்றது, எவ்வளவு நீர் கொள்கின்றது என்பதை ஊரார் அறியுமாறு அளந்து கூறுதல் வேண்டும். குடிநீரை விடுத்துத் தூய்மை செய்த கழிவுநீரைக் கொள்ளுதல் வேண்டும். காற்றும் கதிரவனும் தரும் ஆற்றலைச் சேமித்துப் பயன்படுத்துதல் வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் தொலைவான இடங்களில் படிகள் இருத்தல் வேண்டும். காற்றைத் தந்த ஊர்களுக்குக் கல்வியிலும் தொழிலிலும் உரிய பங்கு கிடைத்தல் வேண்டும். இவற்றை மறந்து கட்டடங்களை மட்டும் பெருக்கினால், ஒரு கோடையின் வறட்சியோ ஓர் இரவின் தீயோ தேடிய செல்வத்தை அழித்துவிடும்.

திருவேங்கடம் போன்ற ஊர்களின் பள்ளிகளில் இன்று பயிலும் மாணவர்களே நாளை இம்மையங்களை வரைவோரும் கட்டுவோரும் காப்போரும் ஆவர். வெப்பம், ஆவியாதல், மின்னோட்டம், ஒளியின் வேகம் எனப் பாடநூலில் அவர்கள் கற்பவையே இத்தொழிலின் அடிப்படைகள். அவற்றைப் பொருள் உணர்ந்து கற்று, நீரின் அருமையையும் மறவாது பணி செய்வாராயின், பரண்மேல் கிடந்த ஏடுகளைக் காத்த பெரியோரின் தொண்டு இந்நூற்றாண்டிலும் தொடர்ந்து நடைபெறும்.